ஊசலார் அளந்த பெண் மனசு

கட்சி அலுவலகத்தில் காலையிலிருந்தே நிற்க இடமில்லை. ஊசலார் வந்திருக்கிறார்! நூலில் பித்தளைக் குண்டைக் கட்டி, ஒரு பெண்ணின் கைக்குட்டை மேல் தொங்கவிட்டால் போதும், அவள் யாருக்கு ஓட்டுப் போடுவாள் என்று சொல்லிவிடுவார். ஆண்களின் கைக்குட்டையை அவர் தொடுவதில்லை. ஆண் யோசித்து ஓட்டுப் போடுவானாம். இதைக் கேட்ட ஆண்கள் யோசிக்காமல் கை தட்டினார்கள். கைக்குட்டை கொடுத்த பெண்கள் வெளியே வெயிலில் நின்றார்கள். உள்ளே துணிக்கு மட்டும்தான் அனுமதி.

ஊசலாரின் தீர்ப்பு ஒன்றுதான்: பெண்ணுக்குப் பெண் ஓட்டுப் போட மாட்டாள். ஆகவே வேட்பாளராக நிற்கும் நர்ஸ் மூன்று மணிக்குள் மனுவை வாபஸ் வாங்க வேண்டும். மாற்று வேட்பாளரான செயலாளரின் மச்சான் புதுச் சட்டையில் தயாராக நின்றார்.

"கையெழுத்துப் போடும்மா. பொம்பளைங்க மனசு அப்படி, நாம என்ன பண்றது?" என்றார் செயலாளர், நர்ஸை மட்டும் உள்ளே கூப்பிட்டு.

நர்ஸ் வாபஸ் தாளை முன்னால் இழுத்தார். பேனாவைத் திறந்துவிட்டார்.

அப்போது அவருடைய அண்ணி, தையல் கடைக்காரர், வாசலில் தடுத்தவர்களை விலக்கிக்கொண்டு ஒரு பையோடு உள்ளே வந்தார். "ஐயா, இதுல பன்னிரண்டு கைக்குட்டை இருக்கு. பார்த்துச் சொல்லுங்க."

குண்டு ஆடியது. "இவ புருஷன் சொல்ற ஆளுக்குப் போடுவா." அடுத்தது. "இவளுக்குச் சிரிச்ச முகமா இருந்தாப் போதும்." ஏழாவதில் ஊசலாருக்கே கண் கலங்கியது. "பாவம், மாமியார் கொடுமை. நர்ஸம்மா மேல பொறாமை வேற." பன்னிரண்டும் நர்ஸுக்கு எதிர். கூட்டம் உச்சுக்கொட்டியது.

"இந்த ஏழாவது யாரோடதுங்க?" என்றார் அண்ணி.

"நடு வயசுப் பொம்பளை. உங்க தெருதான்."

"அட! பன்னிரண்டும் ஒரே துணியில வெட்டி, இன்னிக்குக் காலையில நான் ஓரம் தைச்சது. இன்னும் ஒரு மூக்குகூடப் படலை. இதுக்கு மாமியார் எங்கேருந்து வந்தா?"

ஊசலார் தண்ணீர் கேட்டார். செயலாளர் விடவில்லை. "நீ தொட்டுத் தைச்சேல்ல? உன் மனசைக் காட்டியிருக்கு!"

"என் நாத்தனார் பேரை முன்மொழிஞ்சு கையெழுத்துப் போட்டதே நான்தான்யா! நானா அவளுக்குப் போட மாட்டேன்?"

ஊசலார் செயலாளர் பக்கம் பாவமாகத் திரும்பினார். "அண்ணே, இதை நீங்க சொல்லித் தரலையே!"

நர்ஸ் பேனாவை மூடினார். மணி மூன்றடித்தது. மச்சான் வீட்டுக்குப் போனார்.

ஊரில் பாதிப் பேர் பெண்கள். அவர்கள் மனசைத் தெரிந்துகொள்ள இத்தனை பெரிய மனிதர்கள் நூலை ஆட்டினார்கள். பெண்களுக்கு வாய் இருக்கிறது ஐயா, போய்க் கேளுங்கள். கேட்கப் பயமாக இருந்தால், ஏன் பயம் என்றாவது உட்கார்ந்து யோசியுங்கள்.