புனுகுப்பூனை ஐ.டி. படித்துக்கொண்டிருக்கிறது

ஒரு காட்டில், சிக்னல் கிடைக்கும் பாறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் இடம் பிடிப்பதற்காகவே கஸ்தூரி என்ற புனுகுப்பூனை விடிவதற்கு முன்பே எழுந்து ஓடுவாள். கஸ்தூரி என்பது மான் வீட்டில் வைக்க வேண்டிய பெயர். அவளுடைய அப்பா வரதராசன் ஆசைப்பட்டு வைத்துவிட்டார். வாசனை விஷயத்தில் நாம் ஒன்றும் மான்களுக்கு இளைத்தவர்கள் இல்லை என்பது அவர் கட்சி. மூத்த பிள்ளைக்குப் பன்னீர் என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. எதையும் மோந்து பார்த்துத்தான் நம்புவார்கள். பொய் சொல்பவர் மேல் லேசாக ஒரு புளித்த வாடை வீசும் என்பது அங்கே குட்டிகளுக்குக்கூடத் தெரியும். சம்பந்தம் பேச வந்தாலும் சரி, பக்கத்துப் புதருக்குப் புதிதாக யாராவது குடிவந்தாலும் சரி, முதலில் மூக்கு, பிறகுதான் பேச்சு. தலைமுறை தலைமுறையாக இந்த முறை நன்றாகத்தான் வேலை செய்தது. செல்போன் வரும் வரைக்கும்.

புனுகுப்பூனைகளுக்கு அங்கே பரம்பரைத் தொழில் ஒன்று காத்திருந்தது. மலைச்சரிவில் இருக்கும் காபி எஸ்டேட்டில் போய்ப் பழுத்த காபிப் பழங்களைத் தின்ன வேண்டும். பிறகு, சபையில் விவரிக்க முடியாத வழியில், கொட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தக் கொட்டையை வறுத்துப் பொடித்துக் குடிக்கப் பெரிய மனிதர்கள் காத்துக் கிடக்கிறார்களாம். சாப்பாடு இலவசம், தங்குமிடம் இலவசம். தங்குமிடத்தில் கம்பி போட்டிருக்கும், பூட்டு வெளிப்பக்கம் இருக்கும். மற்றபடி ஒரு குறையும் சொல்ல முடியாது.

பன்னீர் அங்கேதான் இருந்தான். எஸ்டேட் தரகரான காட்டுப்பன்றி, "கொஞ்ச நாள் வந்து பாரு கண்ணு, பிடிக்கலைன்னா திரும்பிடலாம்" என்று கூட்டிக்கொண்டு போனது. பிடிக்கவில்லை. திரும்பவும் முடியவில்லை. சுற்றுலா வருகிறவர்களுக்காக எஸ்டேட்டில் வைஃபை இருந்ததால் தங்கையோடு போனில் பேசிக்கொள்வான். அதுதான் அவனுக்கு இருந்த ஒரே வெளி உலகம்.

இந்த வருடப் பறிப்புக்குக் கஸ்தூரியை அழைத்துப் போவதாகக் காட்டுப்பன்றி சொல்லிவிட்டுப் போயிருந்தது. அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போனது. காபி நினைப்பிலே அல்ல, கம்பி நினைப்பிலே.

தப்பிக்க ஒரு வழிதான் இருந்தது, குளத்து அலுவலகத்தில் ஒரு வேலை. காட்டில் குளமும் ஒன்றுதான் என்பதால், புலியும் மானும் ஒரே நேரத்தில் தண்ணீர் குடிக்க வந்தால் மறுநாள் மான் வராது. அதற்காகப் போனிலேயே டோக்கன் கொடுக்கும் ஏற்பாடு ஒன்றை யானைகள் நடத்திவந்தன. அது அடிக்கடி மக்கர் பண்ணும். கஸ்தூரிதான் போய்ச் சரிசெய்து கொடுப்பாள். நிரந்தர வேலை கேட்டபோது, குளத்து அலுவலக மேலாளர் கோமளவல்லி என்ற யானை தும்பிக்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டது.

"நீ வேலை செய்யிறது எனக்குத் தெரியும்மா. ஆனா தணிக்கைக்கு வர்ற கரடிக்குத் தெரியாதே. அது ஐ.டி. டிகிரி கேக்குது. அதுவும் சிங்க ராஜா கால் பதிச்சு அங்கீகாரம் கொடுத்த பல்கலைக்கழகமா இருக்கணுமாம்."

"காட்டுல காலேஜே இல்லீங்களேம்மா?"

"அதான் ஆன்லைன்ல நிறைய இருக்குதாமே. கையைக் கடிக்காததா ஒண்ணு பாத்துச் சேந்துக்கோ."

கஸ்தூரியும் அப்பாவும் பாறையில் உட்கார்ந்து தேடினார்கள். முதலில் வந்தது மயில் பல்கலைக்கழகம். பக்கத்தைத் திறந்ததுமே ஒரு மயில் ஆடியது. கட்டணம் எவ்வளவு என்று பார்க்கப் போனால் தோகை விரிந்து திரையை மறைத்தது. எப்படியோ தோகையை விலக்கித் தொகையைப் பார்த்த அப்பா, கொஞ்ச நேரம் ஆகாயத்தைப் பார்த்தார். "அடுத்ததைத் தள்ளும்மா" என்றார்.

அடுத்தது நரி சர்வதேச டிஜிட்டல் பல்கலைக்கழகம். கட்டணம் குறைவு. படிப்பு ஒரே மாதம். நூற்றுக்கு நூறு வேலைவாய்ப்பு. பக்கத்தின் உச்சியில் சேற்றில் பதிந்த பெரிய கால்தடம் ஒன்று, கீழே 'ராஜ அங்கீகாரம் பெற்றது' என்ற வாசகம்.

கஸ்தூரி வழக்கப்படி போனை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். கமகமவென்று மணந்தது.

"புளிச்ச வாடையே இல்லப்பா. நல்ல இடம்தான்."

அப்பாவும் மோந்தார். அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "நம்ம வீட்டு வாசனை மாதிரியே இருக்கும்மா."

இருக்காதா பின்னே? நாள் முழுக்க அவள் கையிலேயே கிடக்கும் போன். திரைக்குள்ளே யார் என்ன புளுகினாலும் மூக்குக்கு வருவது வைத்திருப்பவரின் வாசனைதான். கீழே நின்ற காட்டெருமையும் அதே பக்கத்தைத் தன் போனில் மோந்து பார்த்து, சாணி வாசம் வந்ததால் முழுத் திருப்தி அடைந்தது. இப்படித்தான் அந்தக் காடே நரியை நம்பியது. நம்மைப் போல மூக்கு மழுங்கியவர்களாக இருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பார்கள்.

விவரம் கேட்டு எண்ணைப் பதிந்ததுதான் தாமதம், போன் அடித்தது. மறுமுனையில் கிளி.

"வணக்கம் மேடம், கடைசி நாலு சீட்தான் இருக்கு மேடம்."

"பாடமெல்லாம் யார் நடத்துவாங்க?"

"இன்னிக்குச் சேந்தா தள்ளுபடி உண்டு மேடம்."

"நான் கேட்டது பாடத்தைப் பத்தி."

"வணக்கம் மேடம், கடைசி நாலு சீட்தான் இருக்கு மேடம்."

மாலைக்குள் கிளி இன்னும் பல தடவை கூப்பிட்டது. சீட் நாலுக்குக் கீழே இறங்கவே இல்லை. ஆனாலும் வாசனை அவ்வளவு நம்பிக்கையாக இருந்ததால் கஸ்தூரி பணம் கட்டத் தயாராகிவிட்டாள். கட்டுவதற்கு முன்பு, ஆசைக்கு ஒரு தடவை, 'வேலையில் அமர்ந்த எங்கள் பட்டதாரிகள்' என்ற பகுதியைத் திறந்து பார்த்தாள்.

முதல் படத்தில் பன்னீர் சிரித்துக்கொண்டிருந்தான். கழுத்தில் டை வரைந்திருந்தார்கள். முகத்துக்கு முன்னால் இருந்த கம்பியைப் பாதி வெட்டி, மீதியை ஜன்னல் போல மாற்றியிருந்தார்கள். 'காபித் துறையின் முன்னணி நிறுவனத்தில் எங்கள் ஐ.டி. மாணவர்' என்று எழுதியிருந்தது.

கஸ்தூரி பணம் கட்டுவதை நிறுத்தினாள். உடனே அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, நீ எப்ப ஐ.டி. படிச்சே?"

"நான் எங்க படிச்சேன்? ஒரு நாள் நம்ம பன்றியண்ணன்கூட ஒரு நரி வந்தாரு. சிரின்னாரு, சிரிச்சேன். போட்டோ எடுத்துட்டுப் போயிட்டாரு."

"எதுக்குன்னு நீ கேக்கலையா?"

"ரொம்ப நாளா என்னைச் சிரின்னு யாருமே சொல்லல கஸ்தூரி. அதான் சிரிச்சுட்டேன்."

அவள் பாறையிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்த பிறகு கோபம் வந்தது. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த நூற்றுக்கு நூறு வேலைவாய்ப்பு வேறெதுவும் இல்லை, எஸ்டேட் கூண்டுதான். ஒரு மாதம் படிக்கவும் பணம் வாங்கிக்கொண்டு, படித்தவர்களைக் கூண்டுக்கு அனுப்பியும் நரி பணம் வாங்கியது.

போனை எடுத்துக்கொண்டு நேராகச் சிங்கத்தின் குகைக்குப் போனாள். நரியின் பக்கத்தில் இருந்த கால்தடத்தைக் காட்டி, "ராஜா, இது நீங்க வெச்சதுங்களா?" என்று கேட்டாள்.

சிங்கம் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தது. "என் கால்தான். நல்லா விழுந்திருக்கு."

"அப்ப அங்கீகாரம் கொடுத்தீங்களா?"

"தண்ணி குடிக்கப் போற வழியில சேறு கிடந்துச்சு, மிதிச்சேன். மிதிச்சதெல்லாம் அங்கீகாரமா? மயில் வீட்டுக்கு டான்ஸ் பாக்கப் போனப்பவும்தான் வாசல்ல மிதிச்சேன்."

"அப்ப நிஜமாவே அங்கீகாரம் வாங்கினவங்க யாருமே இல்லீங்களா?"

சிங்கம் பிடரியைச் சொறிந்து யோசித்தது. "ஆமை ஒருத்தர்தான் முறையா வந்து கேட்டார். எங்க அப்பா காலத்துல கிளம்பி என் காலத்துல வந்து சேந்தார். அவருக்கு மட்டும்தான் நான் பாத்து, கேட்டு, கால் வெச்சுக் கொடுத்தேன். அதோட ஒரு சட்டமும் உண்டு. அங்கீகாரம் உள்ள இடத்துல படிக்கிற பிள்ளையை, படிப்பு முடியிற வரைக்கும் எவனும் தொடக்கூடாது, அடைக்கக்கூடாது. இதுவரைக்கும் படிக்கிற யாரையும் எவனும் அடைக்காததால அதுக்கு வேலை வரல."

ஆமைத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பக்கம் திறப்பதற்குள் கஸ்தூரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டாள். கட்டணம் மயில் கேட்டதில் ஒரு இறகு அளவுகூட இல்லை. துணைவேந்தர் ஆமையே வீடியோவில் வந்தது. படம் உறைந்துவிட்டதோ என்று அவள் போனைத் தட்டினாள்.

"நெட் நல்லாத்தான் இருக்கும்மா," என்றது ஆமை. "நான்தான் மெதுவா வரேன்."

"ஐயா, படிப்பு எத்தனை வருஷம்?"

"மூணு."

"முதல்ல சேந்தவங்க எப்ப முடிச்சாங்க?"

"முடிப்பாங்க."

கஸ்தூரிக்குச் சந்தேகம் தட்டியது. "ஐயா, நீங்க சொல்ற வருஷம் எப்படிங்க கணக்கு?"

"இந்தக் காட்டை நான் ஒரு சுத்துச் சுத்தி வந்தா ஒரு வருஷம். வெயில் மழையை வெச்சுப் போடறதெல்லாம் அவசரக்காரங்க கணக்கு."

"இப்ப எத்தனையாவது சுத்துங்க?"

"முதல் சுத்துதான். மூங்கில் காட்டுக்குப் பக்கத்துல வந்துட்டேன்."

கஸ்தூரி கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவளுடைய பேத்தியின் பேத்தி பட்டமளிப்பு விழாவுக்கு வந்தால் உண்டு. குளத்து வேலை அவ்வளவுதான் என்று மனசு விட்டுப்போனதில், சிங்கம் சொன்ன சட்டம்கூட அவளுக்கு மறந்துபோனது. ஆனாலும் சேர்ந்தாள். "எப்படியும் கூண்டுக்குத்தான் போகப் போறேன். அதுக்குள்ள ஒரு பாடமாவது உருப்படியா கேட்டுட்டுப் போறேம்ப்பா" என்றாள். அப்பா கட்டணத்தைக் கட்டினார்.

ஒன்று சொல்ல வேண்டும். ஆமை நன்றாகவே நடத்தியது. கம்ப்யூட்டர் என்றால் என்ன என்பதற்கே பல நாள் எடுத்துக்கொண்டது, ஆனால் கேட்டவர்களுக்கு அது ஜென்மத்துக்கும் மறக்காது.

பறிப்புக் காலம் வந்தது. காட்டுப்பன்றியும் வந்தது.

"என்ன கண்ணு, மூட்டை கட்டிட்டியா? போலாமா?"

கஸ்தூரி பாறைமேல் வகுப்பில் இருந்தாள். திரையில் ஆமை ஒரு வார்த்தையைத் தொடங்கியிருந்தது. "படிச்சுட்டு இருக்கேனுங்க" என்றாள்.

"எங்க படிக்கிறே? எவன் படிப்பு?"

அவள் ராஜாவின் கால்தடம் பதித்த சேர்க்கைச் சான்றைக் காட்டினாள். பன்றி தன் வழக்கப்படி போனை வாங்கி மோந்து பார்த்தது. கமகமவென்று மணந்தது. பொய் என்று சொல்ல வழியில்லை. சட்டமும் அதற்கு மங்கலாக நினைவுக்கு வந்தது.

"சரி, எப்ப முடியும்?"

கஸ்தூரி வாயைத் திறந்தாள். அந்த நொடியில்தான் சிங்கத்தின் சட்டமும் ஆமையின் கணக்கும் சேர்ந்து அவளுக்கே உறைத்தன. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மூணே வருஷந்தானுங்க" என்றாள்.

"பூ, அவ்வளவுதானே? நான் இங்கயே உக்காந்திருக்கேன்," என்று பன்றி பாறைக்குக் கீழே உட்கார்ந்தது.

அது உட்கார்ந்த அன்றைக்கே கஸ்தூரி அண்ணனுக்குப் போன் செய்தாள். கூண்டுக்குள் இருந்தபடியே, எஸ்டேட் வைஃபையில், பன்னீர் ஆமைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். ஆன்லைன் படிப்பின் அருமை அன்றைக்குத்தான் காட்டுக்குப் புரிந்தது. மாணவனை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று சிங்கத்திடம் புகார் போனது. சபை கூடியது. நரி அரக்கப்பரக்க ஓடிவந்தது.

"ராஜா, இதுல நியாயமே இல்ல. அவன் படிச்சு முடிச்சு வேலைக்கு வந்தவன். எங்க பக்கத்துலயே போட்டோ இருக்கு, பாருங்க. எங்க பட்டதாரி!"

"ஆமாங்க ராஜா, பட்டதாரிதான்," என்றாள் கஸ்தூரி. "இப்ப மேல்படிப்புக்குச் சேந்திருக்காரு."

நரி மாட்டிக்கொண்டது. இல்லை என்று சொன்னால் தன் விளம்பரமே பொய் என்றாகும். ஆமாம் என்று சொன்னால் கூண்டு திறக்க வேண்டும். சபையில் முதல் தடவையாக எல்லோருக்கும் போன் இல்லாமல் நேராகவே ஒரு புளித்த வாடை வந்தது.

பூட்டு திறந்தது. பன்னீர் வெளியே வந்து, கம்பி இல்லாத பக்கம் பார்க்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றான். தங்கை அவன் கையைப் பிடித்துக்கொண்டு பாறைக்குக் கூட்டிவந்தாள்.

கோமளவல்லி கஸ்தூரியைப் பயிற்சி மாணவியாகவே குளத்து வேலையில் வைத்துக்கொண்டது. "மூணு வருஷம்தானேம்மா, எங்களுக்கெல்லாம் அது ஒண்ணும் பெரிய காலம் இல்ல" என்றது. தணிக்கைக்கு வந்த கரடி அவள் சான்றை மோந்து பார்த்து, இன்னொரு தடவை மோந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டது.

அதன்பிறகு அந்த எஸ்டேட்டில் ஒரு புனுகுப்பூனையும் மிச்சமில்லை, எல்லாமே படிக்கப் போய்விட்டன. மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்களிடமும் வரதராசன், "பொண்ணு படிச்சுட்டு இருக்குதுங்க" என்று சொல்லிக் காபி கொடுத்து அனுப்பிவிடுகிறார். பன்றி இன்னும் பாறைக்குக் கீழேதான் இருக்கிறது. விடிந்ததும் தலையைத் தூக்கி, "ஆமை எதுவரைக்கும் வந்திருக்கு கண்ணு?" என்று கேட்கும்.

"மூங்கில் காட்டுல பாதியைத் தாண்டிட்டாருங்க," என்பாள் கஸ்தூரி. "இன்னும் கொஞ்சம் பொறுத்துக்குங்க."

நீதி: ஆன்லைனில் பட்டம் படிக்கச் சேருமுன் கட்டணம் குறைவா என்று பாருங்கள், அங்கீகாரம் உண்மையா என்று பாருங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் படிப்பு எந்தக் காலத்திலும் முடியாது என்று உறுதி செய்துகொள்ளுங்கள், முடித்தவர்களுக்குத்தான் கூண்டு.