மேற்றிராணியாருக்கு எழுதிய வட்ட மனு

சும்மா இருக்கத் தெரியாதவன் நான். கதிரையில் உட்கார்ந்தால் கால் ஆடும். பூசையில் முழங்காலில் நின்றால் கண் வாசலுக்குப் போகும். இந்த வியாதியால்தான் இரண்டாம் உலக யுத்த காலத்தில், இருபத்துநாலு வயதில், ஆங்கிலேயக் கடற்படையிடம் உளவாளியாகப் பிடிபட்டேன். (உளவு பார்க்கும் அளவுக்கு எனக்கு மூளை இருந்ததாக நம்பியவர்கள் அவர்கள் மட்டும்தான்.)

திருகோணமலைத் துறைமுகம் அப்போது நிறையப் போர்க்கப்பல். கரையோரத்தில் எங்கள் ஆட்களைப் புதைக்கும் சேமக்காலையைச் சுற்றி ஒரு நாள் முள்ளுக்கம்பி வந்துவிட்டது. உள்ளே போகத் தடை. இடத்தைக் கடற்படைக்கு யார் கொடுத்தது என்று கேட்டால், "மேலிடத்துக் காரியம்" என்றார் பங்குச் சுவாமியார். ஒரு கூட்டம் இல்லை, கோவிலில் ஒரு அறிவித்தல்கூட இல்லை. அம்மாவை அங்கே அடக்கம் செய்து ஒரு வருடமும் ஆகவில்லை. ஆத்துமாக்கள் திருநாளுக்கு மூன்று கிழமைதான் இருந்தது. அன்றைக்கு அவவுடைய குழியில் ஒரு மெழுகுதிரி கொளுத்த முடியாதோ என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சுவாமியார்களுக்கெல்லாம் மேலே இருப்பவர் மேற்றிராணியார். அவருக்கே எழுதுவோம் என்று எங்கள் வீட்டில் கூடிய ஊராரிடம் சொன்னேன். சேமக்காலையைக் கொடுத்தது யார், எங்களை ஏன் கேட்கவில்லை, கொடுத்த கடிதத்தைக் காட்டுவார்களா? எல்லாரும் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார்கள். கையெழுத்து என்றதும் தலைகள் குனிந்துவிட்டன.

"முதல் பேர் என்ரயெண்டால் மகளின்ர கலியாண ஓலையை ஆர் வாசிக்கிறது?" என்றார் பக்கத்து வீட்டுச் சந்தியாப்பிள்ளை அண்ணர். (கோவிலில் மூன்று ஞாயிறு சுவாமியார் ஓலை வாசிக்காமல் எங்களுக்குக் கலியாணம் இல்லை.)

குசினிக்குள் ஓடிப்போய் ஒரு சோற்றுப் பீங்கானை எடுத்து வந்தேன். மனுவின் பின்பக்கத்தில் அதைக் கவிழ்த்து ஒரு வட்டம் போட்டேன். வட்டத்தைச் சுற்றிக் கையெழுத்து வைத்தால் முதல் ஆளும் இல்லை, கடைசி ஆளும் இல்லை. எல்லாரும் சந்தோசமாக வைத்தார்கள். அத்தோடு விட்டேனா? வட்டத்தின் நடுப்பகுதி வெறுமையாகக் கிடந்தது. கை சும்மா இருக்கவில்லை. கடல், முள்ளுக்கம்பி, வாசல், ஒவ்வொரு குழிக்கும் ஒரு கறுப்புப் புள்ளி என்று சேமக்காலையை அப்படியே வரைந்துவிட்டேன்.

"இது மனுவோ, படமோ?" என்றா என் அக்கா திரேசம்மா.

"மேற்றிராணியாருக்கு விளங்கவேணுமெல்லோ, அக்கா."

தபாலில் போட்டால் யுத்தகாலத் தணிக்கைக்காரர் பிரித்துப் படிப்பார்கள். ஆகவே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நானே பஸ் ஏறப் போனேன். சோதனைச் சாவடியில் பையைத் தடவிய சிப்பாய் கடதாசியை விரித்தான். கந்தோரில் நாள் முழுக்க இங்கிலீசு எழுதும் கிளாக்கர் நான். அந்த நேரம் பார்த்து வாயில் இரண்டே சொல்தான் வந்தது.

"இது துறைமுகக் கரையின் படமா?"

"யெஸ் சேர்."

"இரகசியமாகக் கொண்டு போகிறாயா?"

"யெஸ் சேர்."

அடுத்த கால் மணித்தியாலத்தில் ஒரு அதிகாரிக்கு முன்னால் நின்றேன். தமிழ் வாசிக்க ஆள் வருகிறது என்றார்கள். கதவு திறந்தது. வெள்ளை அங்கியோடு உள்ளே வந்தவர் எங்கள் பங்குச் சுவாமியார். என் மானம் அங்கேயே கப்பலேறிவிட்டது.

அவர் மனுவை வாங்கினார். தன்னைப் பற்றித் தானே வரிவரியாக இங்கிலீசில் சொல்லத் தொடங்கினார். நடுவில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"'எல்லாவற்றையும் மூடுமந்திரமாகச் செய்கிறார்' எண்டு எழுதியிருக்கிறீர். இதை எப்படித் தம்பி சொல்லுறது? கடுமையாச் சொல்லவோ, மெதுவாச் சொல்லவோ?"

"விட்டுட்டுப் போங்கோ, சுவாமி," என்றேன்.

"ஏலாது. ஊர் எழுதினது," என்று கடுமையாகவே சொன்னார்.

அதிகாரி கடதாசியைத் திருப்பினார். புள்ளிகள் எல்லாம் பீரங்கிகள் என்பது அவருடைய கணக்கு. ஒவ்வொன்றாகச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டவர், எல்லாவற்றிலும் பெரிய புள்ளியில் வந்து நின்றார். இந்தப் பெரிய பீரங்கி எந்த நாட்டுடையது என்று கேட்டார்.

"அது என்ர அம்மா," என்றேன். தமிழில்தான் வந்தது.

அது என் தாயின் குழி என்று சுவாமியார் இங்கிலீசில் சொன்னார். அதிகாரி பென்சிலைக் கீழே வைத்தார். மனுவில் எழுதியிருப்பது உண்மையா என்று கேட்டார்.

"உண்மை. நான் ஒருத்தரையும் கேக்கேல்லை," என்று சுவாமியார் இங்கிலீசில் சொல்லி, எனக்காகத் தமிழிலும் சொன்னார். "அவசரம் எண்டாங்கள். அண்டைக்கே கையெழுத்து வைச்சிட்டன். பிறகு உங்களுக்குச் சொல்ல எனக்கு வெக்கமாப் போச்சு." அவரைத் திட்டி எழுதியபோது வராத வெட்கம் எனக்கும் அப்போது வந்தது.

அதிகாரி என்னைப் போகவிட்டார். மனுவைச் சுவாமியாரே மேற்றிராணியாரிடம் கொண்டுபோனார். அடுத்த ஞாயிறு தன் அலுமாரியில் பூட்டி வைத்திருந்த கடற்படைக் கடிதத்தைப் பிரசங்கத்தில் முழுதாக வாசித்தார். சந்தியாப்பிள்ளை அண்ணரின் மகளின் ஓலையும் அன்றைக்கே வாசிக்கப்பட்டது. முள்ளுக்கம்பி யுத்தம் முடியும்வரை நின்றது. ஆனால் ஆத்துமாக்கள் திருநாளன்று ஒரு மணித்தியாலம் வாசலைத் திறந்துவிட்டார்கள். துவக்கோடு ஒரு சிப்பாய் காவல் நிற்க, காற்றில் அணைந்து அணைந்து போன மெழுகுதிரியை அம்மாவின் குழியில் நாலாம் தரம் கொளுத்தி, நான் வாய்விட்டு அழுதேன்.

எங்கள் வீட்டில் அம்மாவுடைய ஒரு படம்கூட இல்லை. அம்மம்மா எப்படி இருப்பா என்று பிள்ளைகள் கேட்டால், அக்கா என்னைக் காட்டிவிட்டு இன்றைக்கும் சொல்லுவது இதுதான்: "மாமாவைக் கேளுங்கோ. வெள்ளைக்காரன்ர நேவியே பாத்துப் பயந்த பீரங்கியடா அவ."