கடல் ஏன் கொதிக்கிறது, தயிர்சாதம் ஏன் புளித்தது

காரணம்சொல்லிகள் என்று ஓர் இனம் உண்டு. எல்லா ஊரிலும் விளையும். டெக்சஸ் வெயிலில் கொஞ்சம் கூடுதலாகவே விளையும்.

அங்குள்ள பேர்லேண்ட் ஊர் கோபாலசாமியைப் பாருங்கள். பால் பொங்கினால் அடுப்பை அணைக்க மாட்டார். பால் ஏன் பொங்குகிறது என்று சொல்வார். குழாய் ஒழுகினாலும், கார் பஞ்சரானாலும், எதிர்வீட்டுக்காரருக்கு கிரீன் கார்டு தள்ளிப்போனாலும் அவரிடம் மூன்று காரணங்கள் தயார். ஒன்றில்கூட அவர் இருக்க மாட்டார்.

போன ஆகஸ்டில் மகள் யாமினிக்குக் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் வளைகாப்பு. அறுபது பேர், பார்சிப்பனியிலிருந்து விமானம் ஏறி வந்த சம்பந்தியம்மா வசந்தாமணி வேறு. பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று, அம்மா கையால் தயிர்சாதம். மனைவி தனபாக்கியம் விடியலில் எழுந்து பிசைந்து, மாதுளை தூவி, இரண்டு பெரிய அலுமினிய ட்ரேயில் மூடி, கார் ட்ரங்கில் வைத்தார்.

"போனதும் ஃப்ரிட்ஜ்ல வெச்சிடுங்க. வேற எதுவும் நீங்க பண்ண வேணாம்."

கோபாலசாமி போனார். வண்டியை நிறுத்தினார், எஞ்சினை நிறுத்தவில்லை. ஏசி ஓடாவிட்டால் திரும்பும்போது சீட் சுடுமாம். கால்வெஸ்டன் கடற்கரையில் மீன் பிடிக்கப் போய் வெறுங்கையோடு திரும்பிய எதிர்வீட்டு பாரூக் அங்கே நின்றிருந்தார்.

"கடல் தண்ணி வெந்நீர் மாதிரி இருக்கு அங்கிள். ஏன் அங்கிள்?"

ஏன் என்று கேட்கலாமா? அதுவும் இவரிடம்?

"பேசிக்கா என்னன்னா பாரூக், ஹை பிரஷர் மேல வந்து உக்காந்துரும். மேகம் இருக்காது, வெயில் நேரா இறங்கும். காத்தும் நின்னுடுச்சுன்னா மேல் தண்ணி கீழ இருக்கற ஜில் தண்ணியோட கலக்காது. மூடி போட்ட மாதிரி சூடு அங்கயே நிக்கும்." பிறகு பசிபிக்குக்குப் போய் எல் நினோவை விசாரித்து, ஆஸ்திரேலியாவைச் சுற்றி, மத்தியதரைக் கடலில் கால் நனைத்து, "எல்லாத்துக்கும் மேல, அவனவன் பெட்ரோலை எரிச்சுத் தள்றான். அதனால கூடற சூட்டுல தொண்ணூறு பர்சென்ட் கடல்தான் முழுங்குது. யாருக்காவது பொறுப்பு இருக்கா?" என்று முடித்தபோது இரண்டு மணி நேரம் ஓடியிருந்தது. அவருடைய எஞ்சினும் ஓடிக்கொண்டிருந்தது.

சொன்னது அத்தனையும் சரி. அதுதான் வயிற்றெரிச்சல்.

பந்தியில் யாமினி முதல் வாய் வைத்தாள், முகம் சுருங்கியது. தனபாக்கியமும் எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது.

"ஏன் சம்பந்தி, தயிர்சாதம் இப்படிப் புளிச்சிருக்கு?" என்றார் வசந்தாமணி.

'ஏன்' என்ற சொல் காதில் விழுந்தால் கோபாலசாமிக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். "பேசிக்கா என்னன்னா, வெயில் நேரா இறங்குது, காத்து இல்ல, மூடி போட்டு..."

அங்கேயே நின்றுவிட்டார்.

"ஒம்போதுக்குக் கிளம்புனீங்க. ஃப்ரிட்ஜ்ல எப்ப வெச்சீங்க?" என்றார் தனபாக்கியம்.

"பதினொண்ணேகாலுக்கு." பிறகு மகளைப் பார்த்து, மெதுவாக, "நான்தாம்மா காரணம்."

அவர் வாழ்நாளில் சொன்ன காரணங்களிலேயே இதுதான் சின்னது. பாவமாகத்தான் இருந்தது.

இப்படி ஒருவரை உங்களுக்கும் தெரியும் இல்லையா? இதை உடனே அவருக்கு ஃபார்வர்டு செய்து, அவர் ஏன் இப்படி ஆனார் என்று மூன்று காரணமும் எழுதப்போகிறீர்கள். தாராளமாக எழுதுங்கள். அதற்கு முன், வெளியே உறுமிக்கொண்டிருப்பது யார் வண்டி என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.