நீண்ட காதுக்காரனும் என் வீட்டுக்காரரும்

லோரியான், புதன்கிழமை

அன்புள்ள அண்ணன் எர்வேவுக்கு,

தங்கை அன்னயிக் வணக்கத்துடன் எழுதுவது. புனித அன்னம்மாள் புண்ணியத்தில் இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீயும் ஓதில் அண்ணியும் பிள்ளைகளும், உன் பண்ணையில் உள்ள சகல ஜீவன்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். கடைசியில் சொன்னவை எத்தனை நாளைக்கு நலமாக இருக்கும் என்பது உன் கையில்தான் இருக்கிறது.

உன் வக்கீல் அனுப்பிய கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை உலகைச் சுற்றும் பந்தயம் புறப்படுகிறது. அதற்கு முந்தின நாள் தொலைக்காட்சி நேரலையில் என் வீட்டுக்காரர் கூல்வென் தன் படகின் முழுப் பெயரையும் தன் வாயால் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் ஒப்பந்தப்படி படகை நீ திரும்ப எடுத்துக்கொள்வாய் என்று அதில் இருக்கிறது. கூடப் பிறந்தவளுக்கு வக்கீல் வைத்துக் கடிதம் எழுதும் அளவுக்கு வளர்ந்துவிட்டாய். அப்பா இருந்து பார்த்திருந்தால் பூரித்துப்போயிருப்பார்.

கூல்வெனுக்கு நாற்பத்தொன்பது வயதாகிறது. இந்தப் பந்தயம் நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும், அடுத்த தடவை இவரை யாரும் சீந்தமாட்டார்கள் என்பது உனக்கும் தெரியும், அதனால்தான் பிடியை இறுக்குகிறாய். பந்தயப் படகோட்டி என்றால் எப்போதும் கடலில் இருப்பவன் என்று உள்நாட்டில் இருக்கிற நீங்கள் நினைக்கிறீர்கள். இவர் கடலில் இருந்ததைவிடக் கம்பெனிகளின் வரவேற்பறையில், இருக்கிற ஒரே டையைக் கட்டிக்கொண்டு, உள்ளே கூப்பிடுவார்களா என்று உட்கார்ந்திருந்ததுதான் அதிகம். மெத்தைக் கம்பெனி ஒன்று பணம் போட்டது, பாய்மரம் முறிந்து, 'நிம்மதியான உறக்கம்' என்று எழுதிய படகின் மேல் இவர் நனைந்த கோழி மாதிரி நிற்கிற படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது, மெத்தை போய்விட்டது. தயிர்க் கம்பெனி ஒன்று வந்தது, அங்கே மாறி வந்த மேலாளருக்குக் கோல்ஃப் பிடித்தது, தயிரும் போய்விட்டது. நடுவில் அடுத்தவன் படகை இந்தத் துறைமுகத்திலிருந்து அந்தத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுகிற வேலை. ஒன்பதாம் வகுப்போடு நின்ற நான் வானிலை வரைபடமும் ஒப்பந்த ஆங்கிலமும் சமையலறை மேசையிலேயே படித்துக்கொண்டதும் இவரால்தான். ஒவ்வொரு ஜனவரியிலும் கணக்கு முடிக்கும்போது இவருடைய லட்சியத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. 'இதர செலவு' என்று எழுதி வருகிறேன்.

கடைசியில், பணம் போட ஒரு கம்பெனி கிடைக்கவேண்டும் என்று புனித அன்னம்மாளுக்கு நவநாள் ஜெபம் வைத்தேன். முடிவதற்குள் உன் தொலைபேசி வந்தது. ஒன்றும் கொடுக்காத அண்ணன் ஒரு முழுப் படகு வாங்கித் தருகிறேன் என்றாய். அழுதேன். எந்தக் கம்பெனி என்று அன்னம்மாளிடம் தெளிவாகக் கேட்காமல் விட்டது என் தவறு.

உன் கம்பெனி விற்கிற பிராணியை இந்தக் கரையில் படகோட்டிகள் எப்படி நினைக்கிறார்கள் என்று உனக்கு ஆயிரம் தடவை சொன்னேன். மரக்கப்பல் காலத்தில், கறிக்காக ஏற்றிய அது கூண்டை விட்டுத் தப்பி, கயிற்றையும் பலகை இடுக்கில் அடைத்த நாரையும் கடித்துத் தின்று கப்பலையே மூழ்கடித்ததாம். அன்றிலிருந்து படகில் அதன் பெயரை யாரும் சொல்வதில்லை. வேறு வழியே இல்லையென்றால் 'நீண்ட காதுக்காரன்' என்பார்கள். நீயோ அதன் பெயரையே படகுக்கு வைத்தாய், முன்னால் 'மகிழ்ச்சியான' என்று வேறு சேர்த்துக்கொண்டாய். அது போதாதென்று பெரிய பாயில் மூணு மாடி உயரத்துக்கு அதன் படம், இரண்டு பல்லும் தெரிய.

பெயர்சூட்டு விழாவில் என்ன நடந்தது என்று நீ பார்த்தாய். துறைமுக அலுவலகம் எங்களை டீசல் பம்புக்குப் பக்கத்தில் கடைசி இடத்துக்குத் தள்ளிவிட்டது. எங்கள் பக்கத்தில் நிற்கமாட்டோம் என்று மற்ற படகுக்காரர்கள் மனுப் போட்டார்களாம். எங்கள் பங்குச் சாமியார் மீனவர் வீட்டுப் பிள்ளை. அவர்கூட, "ஆண்டவரே, இந்தப் படகையும் இது சுமக்கிற... அதையும் ஆசீர்வதியும்," என்று முடித்துவிட்டுப் போய்விட்டார். ஒலிவாங்கியைக் கொடுத்ததும் என் வீட்டுக்காரர், "இந்தப் படகைக் குடுத்த மச்சானுக்கும், மச்சானோட அந்தக் காதுக்காரங்களுக்கும் நன்றி," என்றார். கூட்டம் சிரித்தது. நீ பீட்ரூட் நிறத்துக்கு வந்தாய். நீ ரிப்பன் கட்டி மற்ற போட்டியாளர்களுக்கு அனுப்பிய உன் கம்பெனி இறைச்சி டப்பாக்களில் ஒன்றைக் கூட யாரும் வாங்கவில்லை. எல்லாம் என் வீட்டில்தான் அடுக்கி இருக்கிறது.

அத்தோடு விட்டாயா? விளம்பரப் படத்துக்காக உயிரோடு ஒன்றைக் கூடையில் கொண்டுவந்தாய். அது உன் கையை உதறிவிட்டுப் படகுக்குள் குதித்து முன்மூலைக்குப் போய் ஒளிந்தது. பந்தயத்துக்கே போகிற பெரிய பெரிய ஆண்கள் எல்லாரும் கரைக்குத் தாவினார்கள். படகைப் பராமரிக்கிற மாயேல், அதில் உள்ள ஒவ்வொரு கயிறும் தெரிந்தவன், கையுறையைக் கழற்றி என் கையில் கொடுத்து, "அக்கா, புயல்ல பாய்மரத்து மேல ஏறச் சொல்லுங்க, ஏறறேன். இது என் வேலை இல்ல," என்றான். பிறகு நான்தான், கோயிலுக்குப் போட்டுக்கொண்ட பாவாடையோடு மண்டி போட்டு, கேரட்டை நீட்டிக்கொண்டு உள்ளே போனேன். சிறு வயதில் உன்னோடு கூண்டு கூண்டாகப் புல் போட்டவள், எனக்கென்ன பயம்? பிடித்துக்கொண்டுதான் வந்தேன். ஆனால் அதற்குள் அது, இவர் தூங்கும்போது படகைச் செலுத்துகிற தானியங்கிச் சுக்கானின் மின்கம்பியைக் கடித்து வைத்திருந்தது. அத்தனை கம்பிகள் இருக்க அதைத்தான்.

இவரிடம் நான் சண்டை போடாமல் இல்லை. தென்கோடிக் கடலில் தன்னந்தனியாகப் போகிற மனிதனுக்கு, கேமரா முன்னால் ஒரு சின்ன வார்த்தை சொல்ல வாய் வராதா, ஜெபம் பண்ணுகிற வீட்டில் இது என்ன மூடநம்பிக்கை என்று கேட்டேன். இவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அன்னயிக், அங்க பயப்படறதுக்கு எனக்கு ஏற்கெனவே நிறைய இருக்கு. இதையும் கூட ஏத்திக்கிட்டுப் போகச் சொல்லாத," என்றார்.

படகு போனாலும் பரவாயில்லையா என்றேன். உணவுப் பொட்டலங்களில் தேதி எழுதப் போய்விட்டார். சொல்லவும் மாட்டார், போகாமல் இருக்கவும் முடியாது. இப்படி ஒருவரைக் கட்டிக்கொண்டு, இப்படி ஒருவனோடு கூடப் பிறந்து, நடுவில் நான் ஒருத்தி.

ஆகையால் ஒரு வழி சொல்கிறேன், கேள். ஒப்பந்தத்தை நாலு தடவை படித்துவிட்டேன். 'படகோட்டியோ அவரது பிரதிநிதியோ' என்றுதான் இருக்கிறது. உன் வக்கீல் அவசரத்தில் இதைப் பார்க்கவில்லை. சனிக்கிழமை நான் மேடை ஏறுகிறேன். படகின் பெயரையும் உன் கம்பெனிப் பெயரையும், வேண்டுமானால் டப்பாவின் விலையையும், நாடு முழுவதும் கேட்கும்படி நான் சொல்கிறேன். நான் கடலுக்குப் போகிறவள் இல்லை. பண்ணையில் பிறந்தவள், விசுவாசி, எனக்கு இந்தப் பயமெல்லாம் கிடையாது. சொல்லிவிட்டு இறங்கினதும் நீ படகை விடவேண்டும், அவரை ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. சம்மதம் என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் அனுப்பு, வக்கீல் மூலமாகவே அனுப்பு.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம். உனக்குக் கடவுள் நல்ல புத்தியும், மிச்சம் இருந்தால் நல்ல ஆரோக்கியமும் தரட்டும்.

இப்படிக்கு,
இன்னமும் உன் தங்கை,
அன்னயிக்

பின்குறிப்பு: மேலே நான் சொன்ன வழியை அடித்துவிடு. உறை ஒட்டுவதற்கு முன் கரண்டியை ஒலிவாங்கி மாதிரி பிடித்துக்கொண்டு ஒத்திகை பார்த்தேன். உள்ளே இவர் பை கட்டுகிற சத்தம் கேட்டது. அந்தப் பெயரின் முதல் எழுத்தோடு நாக்கு நின்றுவிட்டது. கடிதத்திலாவது அதை எங்கேயாவது எழுதியிருக்கிறேனா என்று திரும்பப் படித்தேன். இல்லை அண்ணா, ஒரு இடத்தில்கூட இல்லை, கை தானாகவே சுற்றிப் போயிருக்கிறது. அதனால் சனிக்கிழமை யாரும் எதுவும் சொல்லமாட்டோம். நீயும் சொல்லாதே, படகையும் எடுக்காதே, உன் காலில் விழுகிறேன். அவர் திரும்பி வந்து கரையில் கால் வைக்கட்டும், அதற்குப் பிறகு எத்தனை தடவை வேண்டுமானாலும் நானே உன் வாசலில் வந்து நின்று சொல்கிறேன்.