மாமாவுக்கு வாங்கிய ஐஸ்

வண்டிப் பைத்தியம் பிடித்தவனை எந்த வேலைக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம், சாவு விழுந்த துட்டி வீட்டு வேலைக்கு மட்டும் அனுப்பக் கூடாது. யாரையும் குத்திக் காட்டவில்லை. அந்தப் பைத்தியம் நான்தான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மாட்டுங்காவில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை, செம்பூரில் வாடகை அறை, வாங்கும் சம்பளம் முழுக்க ஒரு பழைய டர்போ காருக்குப் படையல். டர்போ என்பது காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கும் சாமான். அமுக்கினால் காற்று சூடாகும். சூடான காற்று உள்ளே போனால் இழுவை குறையும். அதனால் போகிற வழியில் அதை ஆற்றி அனுப்ப இன்டர்கூலர் என்று ஒன்று உண்டு. ஊரில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் அதை வெளிக்காற்று ஆற்றும். என் வண்டியில் தண்ணீர் ஆற்றும். (துரைக்கு அதுதான் கெத்து.) டிக்கியில் தெர்மாகோல் போர்த்தி மூடி போட்ட தொட்டி, அங்கிருந்து முன்பக்கம் வரை குழாய், தண்ணீரைச் சுற்ற விட ஒரு பம்பு, அதை ஆற்ற பம்பருக்குப் பின்னால் ஒரு குட்டி ரேடியேட்டர். தொட்டியில் ஐஸ் போட்டால் இன்னும் விசேஷம். உள்ளே போகும் காற்றின் சூட்டைக் காட்ட டாஷ்போர்டில் ஒரு சிவப்பு நம்பர் எரியும். அது என்ன நம்பர் என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். ஒரு ஜீவன் கேட்டதில்லை.

தாராவியில் இருந்த முத்தையா மாமா, என் அம்மாவின் அண்ணன், கேலி மட்டும் செய்வார்.

"ஏ மருமவனே, வீட்டுக்கு வந்த மனுசனுக்கு ஒரு கிளாஸ் ஐஸ் தண்ணி தர வக்கில்ல. காருக்கு மட்டும் வாளி வாளியா ஊட்டுதியே!"

அந்த மாமா ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். ஒரே மகள் செல்வி மஸ்கட்டில் நர்ஸ். டிக்கெட் கிடைத்து விமானம் இறங்க சாயங்காலம் ஐந்தாகும். "எப்பா முகத்த ஒரு தடவ பாக்கணும், நான் வந்து சேருத வரைக்கும் எடுத்துராதீங்க" என்று போனில் அழுதாள். மாமாவின் மனைவி பாக்கியம் அத்தை சரி என்றாள். ஊர்ப் பெரியவர்களும் சரி என்றார்கள்.

குளிர்பெட்டி வந்தது. வந்த பெட்டி மாமா வீட்டுச் சந்து முனையில் திரும்பவில்லை. நேராகவும் சாய்த்தும் முயன்று பார்த்துவிட்டுத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இனி ஐஸ் பாளம்தான் கதி. மாஹிமில் கேட்டால், ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் மீன்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்கள் என்றார்கள். அணுசக்தி நகர் தாண்டி ட்ராம்பே பக்கம் போனால் கிடைக்கும்.

பக்கத்து வீட்டு கணேசன் அண்ணாச்சி துண்டை உதறி எழுந்தார். "நம்ம டெம்போல போயி அள்ளிட்டு வந்துருதேன்."

அத்தோடு விட்டிருக்கலாம். நான் வாயைத் திறந்தேன்.

"அண்ணாச்சி, ஒங்க டெம்போ போயிட்டு வர ராத்திரி ஆயிரும். என் வண்டின்னா பறந்துரும்."

அத்தை என்னைப் பார்த்தாள். அழுது அழுது வீங்கிய கண். "சீக்கிரம் வந்துரு ராசா. செல்வி வருத வரைக்கும் தாங்கணும்."

போகும்போது ரோடு காலி. நன்றாகவே பறந்தேன். ஐஸை உடைத்துக் கோணிகளில் கட்டித் தந்தார்கள். ஏசி போட்டு, பின் சீட்டில் வைத்துக் கொண்டு வந்திருந்தால் பாதிப் பிரச்சினை இல்லை. ஆனால் சீட் கவர் புதுசு. (மாமா செத்துக் கிடக்கிறார், எனக்கு சீட் கவர்.) எல்லாக் கோணியையும் டிக்கியில், தொட்டியை ஒட்டி அடுக்கினேன். டிக்கிக்கு அடியில்தான் சைலன்சர் கொதிக்கிறது என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

திரும்பும்போது சுனாபட்டியில் மாட்டிக்கொண்டேன். முன்னால் ஒரு தண்ணீர் டேங்கர் அச்சு முறிந்து குறுக்கே கிடந்தது. வண்டி நின்றால் முன் ரேடியேட்டருக்குக் காற்று கிடையாது. பானெட்டின் கொதிப்பெல்லாம் குழாய்த் தண்ணீரில் ஏறும். சிவப்பு நம்பர் நாற்பதிலிருந்து ஐம்பது, அறுபது என்று ஏறியது. எனக்குக் கை பரபரத்தது.

நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கு அந்த நம்பர் எவ்வளவு இருந்தால் என்ன? டர்போ வேலையே செய்யவில்லை. தூங்குகிறவனுக்கு ஓட்டப்பந்தய ஷூ எதற்கு? இது எனக்குத் தெரியாததல்ல. ஆபீசில் பலரை உட்கார வைத்து விளக்கியிருக்கிறேன். ஆனாலும் புத்தி வேறு கணக்குப் போட்டது. டேங்கரை நகர்த்தியதும் வழி திறக்கும், அப்போது வண்டி பறக்க வேண்டும், பறந்தால்தான் ஐஸ் உருகாமல் போய்ச் சேரும், பறக்க வேண்டுமென்றால் நம்பர் இறங்க வேண்டும். ஆகவே ஒரே ஒரு கட்டி. மாமாவுக்காகத்தானே!

இறங்கி டிக்கியைத் திறந்து தொட்டியில் ஒரு கட்டி போட்டேன். நம்பர் இறங்கியது. ஆகா! கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏறியது. இன்னொரு கட்டி. பிறகு இரண்டு. ஒவ்வொரு கட்டி உள்ளே போகும்போதும் தொட்டியிலிருந்து சூடான தண்ணீர் வழிந்து, பக்கத்தில் இருந்த கோணிகளை நனைத்தது. அதாவது மாமாவின் ஐஸை எடுத்துக் காருக்கும், காரின் வெந்நீரை எடுத்து மாமாவின் ஐஸுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தேன். படித்தவன்!

பக்கத்து ஆட்டோக்காரர் ரொம்ப நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, டிக்கியில் யாராவது சீக்காளி இருக்கிறாரா என்று இந்தியில் கேட்டார். "க்யா பாய், டிக்கி மே கோயி பீமார் ஹை க்யா?"

"நஹி. இன்ஜின் கே லியே." இல்லை, இன்ஜினுக்கு என்றேன்.

அவர் ஆட்டோவை என் வண்டியிலிருந்து ஒரு முழம் தள்ளி நிறுத்திக்கொண்டார்.

வழி திறந்தது. கடைசிக் கோணியில் இருந்த பெரிய கட்டிகளையும் தொட்டிக்குள் திணித்துவிட்டு மிதித்தேன் பாருங்கள், அப்படி ஒரு இழுவை அந்த வண்டிக்கு அதற்கு முன் இருந்ததே இல்லை. சயான் வரை பறந்தேன். சிரித்துக்கொண்டே ஓட்டினேன் என்று சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

சந்து முனையில் அண்ணாச்சி காத்திருந்தார். டிக்கியைத் திறந்தார். கோணிகள் துணி துவைத்துப் போட்ட மாதிரி சப்பையாகக் கிடந்தன. ஒன்றில் மட்டும் கை அளவு மிச்சம். தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏ, ஐஸு இங்கன கிடக்குலே!"

கூலன்ட் கலந்த பச்சைத் தண்ணீரில், தேங்காய் தேங்காயாய் மிதந்தது. கூட்டம் எட்டிப் பார்த்தது. யாரோ அதையே கழுவிப் போடலாமே என்றார்கள். அத்தை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம். கார் தண்ணி அவுக மேல படக்கூடாது." பிறகு என் பக்கம் திரும்பினாள். "சவத்து மூதி!"

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை காதில் விழும் வசவு அது. அன்றைக்கு, உள்ளே சவம் கிடக்கும்போது, அது வெறும் வசவாக விழவில்லை. அத்தையே வாயைப் பொத்திக்கொண்டு மறுபடி அழ ஆரம்பித்தாள்.

மூன்று மணிக்கெல்லாம் தாங்கவில்லை. டெம்போ கிளம்பிப் போயும் நேரத்துக்குத் திரும்பவில்லை. "முகம் மாறுது தாயி, இதுக்கு மேல வைக்கக் கூடாது. புள்ள அந்த முகத்தப் பாக்க வேண்டாம்" என்றார் அண்ணாச்சி. அத்தை தலையை மட்டும் அசைத்தாள். நாலு மணிக்கு எடுத்துவிட்டார்கள். செல்வியை ஏர்போர்ட்டிலிருந்து நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுவர என்னை அனுப்பினார்கள். வேகமான வண்டி என்னுடையதுதானே.

செல்வி வெளியே வந்ததும் கேட்டது ஒன்றுதான். "எப்பா இன்னும் வீட்டுலதான இருக்காவ?"

"வண்டில ஏறு செல்வி" என்றேன்.

மிதித்தேன். வண்டி வெண்ணெய் மாதிரி போனது. தொட்டியில் இன்னும் ஐஸ் இருந்தது. சொல்லியாக வேண்டும். கடைசியில், "எடுத்துட்டாவ. ஐஸ் பத்தல" என்றேன்.

அவள் அழவில்லை. முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வை போய் டாஷ்போர்டில் நின்றது.

"அது என்ன நம்பர் அத்தான்?"

இந்தக் கேள்விக்காக எத்தனை நாள் தவம் கிடந்தேன்!

"இன்ஜினுக்குள்ள போற காத்தோட சூடு."

"ரொம்பக் கம்மியா இருக்கே."

"ஐஸ் போட்டிருக்கு" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். பிறகு பின்னால் டிக்கிப் பக்கம் திரும்பினாள். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது வண்டி சயான் வந்திருந்தது. நாங்கள் சுடுகாட்டுக்குள் ஓடியபோது எரியூட்டும் மேடையின் இரும்புக் கதவை இறக்கிவிட்டிருந்தார்கள். செல்வி அந்தக் கதவின் மேல் கை வைக்கப் போனாள், சூடு என்று பிடித்து இழுத்தார்கள்.

வண்டியை அந்த மாதமே தள்ளிவிட்டேன். கதையைத் தள்ளிவிட முடியவில்லை. வீட்டில் கல்யாணமோ காதுகுத்தோ, கூல்டிரிங்ஸ் வாங்க ஆள் தேடினால், "எல்லாரும் போங்க, அவன் மட்டும் வேண்டாம்" என்று ஒரு குரல் வரும். சிரிப்பு அடங்க நேரமாகும். நானும் சிரிப்பேன், வேறென்ன செய்ய?

மாமாவின் திதிக்கு வருஷா வருஷம் செல்வி வந்துவிடுவாள். சாப்பாடு முடிந்ததும் அவள் கையாலேயே எல்லோருக்கும் நன்னாரி சர்பத். தம்ளர் தம்ளராக ஐஸ் குலுங்கும். என் தம்ளரில் மட்டும் இருக்காது.

"ஒங்களுக்கு வேண்டாம்லா அத்தான். ஒங்களுக்குத்தான் வண்டிலயே இருக்குமே."

அத்தைகூடச் சிரித்துவிடுவாள். செல்வியும் சிரிப்பாள். ஆனால் அடுத்த ஆளிடம் போக மாட்டாள். அந்த வெதுவெதுப்பான சர்பத்தை நான் கடைசிச் சொட்டு வரை குடித்து முடிக்கும்வரை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு அங்கேயே நிற்பாள்.