வறீது சாயவில்லை

வறீது அசையாமல் நின்றார். ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை செய்யும் ஷைனிக்கு அதுதான் கவலை.

அவருடைய இரண்டு காதுக்குப் பின்னாலும் ஒயர் வைத்த வில்லைகளை ஒட்டி, துளியளவு மின்சாரம் விட்டிருந்தாள். உள்காது ஒழுங்காக வேலை செய்தால் ஆள் தன்னையறியாமல் ஒரு பக்கம் சாய வேண்டும். ஆலப்புழையில் பயணிகள் படகு ஓட்டும் வறீதோ கல்தூண் மாதிரி நின்றார். ரிப்போர்ட் இப்படியே போனால் அவர் கரையில்தான் உட்கார வேண்டியிருக்கும்.

"கண்ணை மூடுங்க சேட்டா."

ஒரு கண்ணை மூடினார்.

"ரெண்டையும்."

"என்கிட்ட நடக்காது மோளே."

ஷைனி மின்சாரத்தைக் கொஞ்சம் கூட்டினாள். அவர் தோள் மெல்ல வலப்பக்கம் போனது. அவள் முகம் மலர்வதற்குள் வறீது காலை அகட்டி, பல்லைக் கடித்து, நிமிர்ந்துவிட்டார்.

"இப்ப சாஞ்சீங்களே."

"யாரு, நானா? காத்து தள்ளிச்சு."

"மூடின ரூம்ல ஏது காத்து?"

"ஏசி காத்து."

"சாயறது தப்பே இல்ல சேட்டா. சாஞ்சாத்தான் நல்லது."

வறீது சிரித்தார். "இப்படித் தேனாப் பேசித்தானே ஆளைக் கவுப்பீங்க?"

விழுந்தால் பிடிக்கப் பின்னால் நின்றிருந்த உதவியாள் சதானந்தன் முன்னால் வந்தான். "இதோ, இப்படி வரணும்" என்று கால் பின்னத் தள்ளாடிக் காட்டினான்.

வறீது அவனை ஏற இறங்கப் பார்த்தார். "முதல்ல இவனைச் சோதிங்க. காலங்காத்தாலயே என்ன கோலம் இது?"

ஷைனி மறுபடி கெஞ்சினாள். அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். கையை எடுக்கச் சொன்னதும், ஒற்றைக் காலில் நின்று, "காவாலம், புளிங்குன்னு, நெடுமுடி..." என்று படகுத் துறைகளைத் தலைகீழாக ஒப்பிக்கத் தொடங்கினார்.

"ஒரு துறையாவது விட்டுப்போச்சான்னு பாத்துக்கோ" என்றார் பெருமையாக.

ஷைனி கதவைத் திறந்து, வெளியே காத்திருந்த அவர் மனைவி ஏலிக்குட்டியிடம் போனாள்.

"சேச்சி, நீங்களாவது சொல்லுங்க. எவ்வளவு கெஞ்சியும் சாய மாட்டேங்கறார்."

ஏலிக்குட்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒற்றைக் காலில் நின்றவர் அவளைப் பார்த்து, ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் கையாட்டினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஷைனியின் காதருகே குனிந்தாள்.

"தலை சுத்தலுக்கு வைத்தியம் பாக்கக் கூப்பிட்டா வர மாட்டார் மோளே. அதான், 'திரும்பக் குடிக்க ஆரம்பிச்சுட்டீங்க, அதைக் கண்டுபிடிக்கிற மிஷின் இருக்கு, ஆடாம நின்னு காட்டினா நம்பறேன்'னு சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கேன்."