அழைப்பில்லாத விருந்துக்கு ஒரு ரத்து அறிவிப்பு

வாலியேவோ,
டிசம்பர் 23

மதிப்பிற்குரிய அத்தான் புதிமிர் அவர்களுக்கு,

தங்கள் முழங்கால் வலியும் கொசாரா அக்காவின் இரத்த அழுத்தமும் குறைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, தலைகுனிந்து எழுதுகிறேன். காகிதத்தில் எழுதுவது ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

புனித நிக்கோலா நாளன்று குடும்பக் காவல் புனிதருக்காகத் தங்கள் வீட்டில் வைத்த ஸ்லாவா விருந்துக்கு என்னைத் தவிர ஒருவரும் வராததற்குக் காரணம் நான்தான்.

உறவினர் வீடுகளில் எந்தப் புனிதர் நாளில் ஸ்லாவா என்பதை மின்னஞ்சலோடு வரும் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். முப்பத்தெட்டு ஆண்டு நில அளவை செய்தவனுக்கு எதையும் கட்டத்துக்குள் எழுதாவிட்டால் நிம்மதி கிடையாது. ஆட்களின் பெயருக்கென்று ஒரு கட்டம் இருந்தது; அக்கா வீடாயிற்றே என்று அந்த ஒரு நாளுக்கு மட்டும் வழக்கமாக வருபவர்களையும் எழுதினேன். அது அழைப்புக்கான கட்டம் என்று தோன்றவில்லை, ஏனென்றால் ஸ்லாவாவுக்கு நாம் யாரையும் அழைப்பதில்லை, ஒருமுறை வந்தவர் ஆயுள் முழுக்கத் தானாகவே வருகிறார். ஆண்டுதோறும் பழைய குறிப்புகளை நீக்கிப் புதிதாக எழுத மேக்ரோ என்ற ஒரு குட்டி நிரல் செய்திருந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு குறிப்புகளையும் அது ஒவ்வொன்றாகத் திறந்து, "நீக்கவா? பிறருக்குத் தெரிவிக்கவா?" என்று கேட்கும், நாற்பது நிமிடம் ஆகும். எழுபத்தாறு வயதில் அந்த நாற்பது நிமிடத்தை மிச்சம் பிடித்து எங்கே போகப்போகிறேன் என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல், விருந்துக்கு முந்தைய நாள், ஒரு புத்தகத்தில் சொன்னபடி, தேவையான குறிப்புகளை மட்டும் ஒரே கட்டாக எடுக்கச் சொன்னேன், கேள்விகளையும் நிறுத்தினேன். பதினொரு விநாடிதான்! ஆளில்லாத அறையில் எழுந்து நின்று கைதட்டினேன், அத்தான். உட்கார்ந்து பார்த்தால் அனுப்பும் பெட்டியில் முப்பத்தொரு கடிதங்கள்: "ரத்து: புதிமிர் வீட்டு ஸ்லாவா." கேட்காவிட்டால் தெரிவித்துவிடும் போலிருக்கிறது. பயந்து கணினியை அணைத்தேன். போர்க்காலத்திலும் யாரும் நிறுத்தாத ஒன்றை நான் நிறுத்திவிட்டேன். முப்பத்தொரு பேருக்கும் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். கருவியை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன், வைத்தேன். மின்னஞ்சலை யார் படிக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு மறுநாள் ஷாபாத்ஸுக்கு, தங்கள் வீட்டுக்குப் பேருந்து ஏறினேன்.

அன்று நடந்தது தங்களுக்கே தெரியும். வீட்டுக்காரர் உட்காரக் கூடாது என்ற வழக்கப்படி தாங்கள் அந்த முழங்காலோடு நின்றுகொண்டே இருந்தீர்கள்.

"டேய் ஸ்வெதோ, ஊர்ல எல்லாரும் செத்தா போயிட்டாங்க?" என்றாள் அக்கா.

"பஸ்ஸு லேட்டா இருக்கும்க்கா."

"பக்கத்து வீட்டு ஸ்தானாவும் பஸ்ஸுலதான் வரணுமா?"

"விடு கொசாரா," என்றீர்கள் தாங்கள். "உன் தம்பி ஒருத்தனே மூணு ஆளு மீன உள்ள தள்றான் பாரு. கூட்டத்துக்கு என்ன கொறச்சல்?"

நான் தின்றது பசியால் அல்ல. வாய் நிறைந்திருந்தால் பேச வேண்டியதில்லை. நாலு மணிக்கு அக்கா வெட்டாத ரொட்டியைத் துணியால் மூடினாள். "அடுத்த வருஷம் மேசையே போட வேணாம். நம்மள யாருக்கும் ஞாபகமில்ல" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டேன்.

அக்காவை யாரும் மறக்கவில்லை, அத்தான். மறந்ததுபோல் ஆக்கியது என் பதினொரு விநாடி. அடுத்த ஆண்டும் மேசை போடச் சொல்லுங்கள். என்னைச் சேர்க்காவிட்டாலும் சரி.

தங்கள் இருவருக்கும் புனித நிக்கோலா துணை நிற்கட்டும்.

தங்கள் வாசலில் கால்வைக்கக் கூசும் மைத்துனன்,
ஸ்வெதோஸார்

பி.கு.: உறையை ஒட்டுமுன், கடிதங்கள் போன நேரத்தையும் குறிப்பிடலாமே என்று கணினியைத் திறந்தேன். முப்பத்தொன்றும் அந்த அனுப்பும் பெட்டியிலேயே இருக்கின்றன. வேகம் கூடும் என்று அன்று இணையக் கம்பியைப் பிடுங்கியவன், திரும்பச் செருகவில்லை. ஒருவருக்கும் எதுவும் போகவில்லை, அத்தான். அப்படியென்றால் அவர்கள் தாமாகவேதான் வரவில்லை. பிறகு கம்பியைச் செருகினேன். இப்போது ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. இந்தத் துண்டை மட்டும் கிழித்துவிட்டு, மேலே உள்ளதை அக்காவுக்குப் படித்துக் காட்டுங்கள்.